மண்ணெண்ணெய் வருவதற்கு முன்பு நம் மாவட்டத்து வீடுகளில் எதைக் கொண்டு விளக்கேற்றினார்கள்?

வேளிமலைச்சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் எங்கள் உறவினருக்குச் சொந்தமான பழைய நாலுகெட்டு (நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய) வீடு ஒன்றைப் பிரிக்க இருக்கிறார்கள். பிரிப்பதற்கு முன்பு அதன் அமைப்பை அளந்து வரைந்து வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். சுவர்களை அளக்கும்போது விளக்கு மாடங்கள் என் கவனத்தை ஈர்த்தன. வாசற்படியை ஒட்டி ஒன்றும், பட்டாசலில் (கூடத்தில்) ஒன்றும், அடுக்களையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒன்றும் உள்ளன. உறங்கும் அறைகளிலும், நெல் போட்டு வைத்த அறைப்புரையிலும் ஒரு மாடம்கூட இல்லை. அறைப்புரையின் உத்தரத்தில் சங்கிலி தொங்கவிடும் கொக்கியும் இல்லை.

இவ்வளவு பெரிய வீட்டுக்கு மூன்றே மாடங்கள் எப்படிப் போதுமானவையாக இருந்தன என்பதுதான் என் முதல் ஐயம். வீட்டின் வயது எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் இந்த அமைப்பு மண்ணெண்ணெய்க் காலத்துக்கு முந்தையது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 1600 முதல் 1800 வரையிலான காலத்தில் தென் திருவிதாங்கூரில் சாதாரண வீடுகளில் எந்த எண்ணெயை எரித்தார்கள், ஓர் இரவுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும், போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் (டச்சுக்காரரும்) வந்த பிறகு மெழுகுவத்திப் பழக்கம் வீடுகளுக்குள் வந்ததா என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். அரண்மனைகளையும் கோயில்களையும் பற்றி ஓரளவு படித்துவிட்டேன். குடியிருந்த வீடுகளைப் பற்றித்தான் எதுவும் கிடைக்கவில்லை.

நாஞ்சில் வாசகர்

நல்ல கேள்வி. மூன்று மாடங்கள் எப்படிப் போதும் என்று நீங்கள் கேட்பது, வீடு முழுவதும் வெளிச்சம் இருக்க வேண்டும் என்ற நம் காலத்து எதிர்பார்ப்பிலிருந்து எழுவது. அன்று யாரும் வீட்டுக்கு வெளிச்சம் போடவில்லை. ஒரு வேலைக்கு மட்டுமே வெளிச்சம் வைத்தார்கள். அந்தி மயங்கும்போது வாசலில் ஒரு விளக்கு எரியும், அது தெய்வத்துக்கும் வீட்டுக்கு வருபவருக்கும் உரியது. சோறு வடித்துப் பரிமாறும் வரை அடுக்களையில் அடுப்புத் தீயும் ஒரு திரியும் இருக்கும். ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடமாகிய பட்டாசலில் இன்னொன்று. இவற்றுக்கு வெளியே உள்ள இடங்களுக்குப் போக வேண்டியவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போவார், வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். அறைப்புரையில் மாடம் இல்லாததற்குக் காரணம் வெளிப்படையானது: மரப்பலகைச் சுவரும், நெல்லும், பதரும் சேர்ந்த இடத்தில் திறந்த தீயை வைத்துவிட்டு எவரும் நகரமாட்டார்கள். நெல் அளப்பது பகல் வேலை. கட்டாயம் நேர்ந்தால் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

எண்ணெயைப் பொறுத்தவரை, வீட்டைச் சுற்றி எந்த மரம் நின்றதோ அதுவே வீட்டுக்குள் எரிந்தது என்று சொல்லிவிடலாம். நம் மாவட்டத்தில் அந்த மரம் பெரும்பாலும் புன்னை. கடற்கரை மணலிலும், குளக்கரைகளிலும், வீட்டு விளைகளின் (தோட்டங்களின்) வேலியோரத்திலும் அது தானாகவே வளரும். காய் விழும் காலத்தில் சிறுவர்கள் பொறுக்கி வருவார்கள். வௌவால் தின்று போட்ட காயும் சேரும். ஓட்டை உடைத்துப் பருப்பை வெயிலில் நெடுநாள் உலர்த்த வேண்டும், ஏனென்றால் பச்சைப் பருப்பில் எண்ணெய் அவ்வளவாக இறங்காது. உலர்ந்து பழுப்பேறிய பிறகுதான் செக்கில் நன்றாக விடும். அந்த எண்ணெய் பச்சை கலந்த நிறத்தில், கெட்டியாக, ஒருவித நாற்றத்தோடு இருக்கும். புகையும் அதிகம். ஆனால் அதை உண்ண முடியாது என்பதே அதன் பெரிய தகுதி. சமையலுக்கும் தலைக்கும் உதவும் எண்ணெயை எரித்துத் தீர்ப்பதற்கு எந்த வீட்டுப் பெண்ணுக்கும் மனம் வராது.

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மலையடிவாரங்களில் மரோட்டிக் கொட்டையின் எண்ணெயும் எரிந்தது. நீரடிமுத்து என்று மருத்துவ நூல்கள் சொல்வதும் இந்த இனத்தைத்தான். கிழக்கே தோவாளைப் பக்கம் காற்று வறண்டது. அங்கே வேம்பும் ஆமணக்கும் இலுப்பையும் முன்னுக்கு வரும். இவற்றுள் ஆமணக்கெண்ணெய் மெதுவாகவும் புகை குறைவாகவும் எரியும் என்பதால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது. அந்தப் புகையைப் பிடித்துத்தான் கண்மை செய்தார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காகத் தேய்க்கும் கரியும் விளக்குப் புகையிலிருந்து வந்ததுதான்.

மாடத்தின் வடிவத்தையும் கவனமாக வரைந்து வையுங்கள். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் திறந்த அகல் ஒரு நாழிகைகூட நிற்காது. சுவருக்குள் குடைந்த மாடம் சுடரைக் காற்றிலிருந்து காக்கிறது. உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் வெளிச்சத்தை முன்னோக்கித் திருப்பவும் செய்கிறது. மேல்முனை கூம்பியிருந்தால் புகை ஒரே கோடாக மேலேறும், சுவர் முழுவதும் கரியாகாது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பூமுகத்தில் (முகப்பு மண்டபத்தில்) தொங்கும் குதிரை விளக்கைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அதைவிட அங்குள்ள தரைதான் வியப்பாக இருக்கிறது: சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் அந்தக் கறுந்தரை, தாழ்வாக வைத்த ஒரு சுடரைக்கூடக் கண்ணாடி போல இரட்டித்துக் காட்டும்.

கடலோரத்தான்

நாஞ்சில் வாசகர் ஐயா எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் கடற்கரையை அவர் புன்னை மரத்தோடு விட்டுவிட்டார். குளச்சல், கடியப்பட்டணம், முட்டம் போன்ற ஊர்களில் பழைய தலைமுறையினர் மீனெண்ணெய் விளக்கைப் பற்றிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். சாளை (மத்தி மீன்) மிகுதியாகப் படும் காலத்தில், விற்றது போக எஞ்சியதைப் பெரிய பானையில் நீரூற்றிக் கொதிக்கவைத்தால் நெய் மேலே மிதக்கும், அதை அகப்பையால் வழித்து எடுப்பார்கள். சுறாவின் ஈரலை உருக்கினாலும் எண்ணெய் கிடைக்கும். அது மரப்பலகைகளில் பூசவும் பயன்பட்டது, விளக்கிலும் எரிந்தது. நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மீன் உலரும் முற்றத்தில் வாழ்பவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் சாளை எல்லா ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. சில ஆண்டுகளில் கரையை நிறைக்கும், சில ஆண்டுகளில் கண்ணிலேயே படாது. ஆகவே மீனெண்ணெயை மட்டும் நம்பி எந்த வீடும் இருந்திருக்க முடியாது. புன்னையும் உடன் இருந்திருக்கும்.

மெழுகுவத்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புனித சவேரியார் 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் திருமுழுக்குக் கொடுத்த பிறகு இந்தக் கரையில் கோயில்கள் எழுந்தன. திருப்பலிக்குத் தேன்மெழுகுத் திரி வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய வழக்கம். மலையிலிருந்து தேனும் தேன்மெழுகும் எப்போதும் இறங்கிக்கொண்டிருந்தன. எனவே நம் மக்கள் மெழுகுவத்தியைப் பார்க்காதவர்கள் அல்லர். ஆனால் அது பீடத்துக்கு உரியதாகவே இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. வீட்டில் மாதாவின் படத்துக்கு முன்பும் எண்ணெய் விளக்கைத்தான் ஏற்றினார்கள். வசதியான வீடுகளில் குத்துவிளக்கின் உச்சியில் சிலுவை வைத்திருப்பதை இன்றும் காணலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே போவதற்கு விளக்கே கிடையாது, சூட்டுதான். காய்ந்த தென்னோலையை இறுக்கிக் கட்டிப் பற்றவைத்து, வீசி வீசி நடப்பார்கள். வீசினால் சுடர் எழும், நிறுத்தினால் கங்காக அடங்கும். அதனால் ஒரே சூட்டைக் கொண்டு நெடுந்தூரம் போகலாம். பனைங்காட்டுப் பக்கம் பனையோலையிலும் இதைச் செய்தார்கள். ஊர்த் தெய்வக் கொடை விழாக்களில் இரவு முழுவதும் வில்லுப்பாட்டு நடக்கும்போது தீவட்டிக்கு ஊர்ப் பொதுவில் எண்ணெய் ஊற்றுவார்கள். அந்த இரவுகளில் மட்டும்தான் சாதாரண மனிதர் தம் வீட்டில் காணாத அளவுக்கு வெளிச்சத்தைக் கண்டார்.

அளவைக்காரர்

செலவைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை என்பதால் நான் முயல்கிறேன். வீட்டுக் கணக்கு நம்மிடம் இல்லை, ஆனால் கோயில் கணக்கு இருக்கிறது. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் என்பதும், அந்த நெய்க்காக 96 ஆடுகள் விடுவது என்பதும் சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஏற்பாடு. காலத்தால் இது உங்கள் கேள்விக்கு மிக முந்தையது. ஆனால் ஒரு திரி குடிக்கும் எண்ணெயின் அளவு அரசர்கள் மாறுவதால் மாறிவிடாது.

நான்கு உழக்கு ஒரு நாழி; அந்த நாழியின் அளவு ஊருக்கு ஊர் மாறுபட்டது. பிற்காலப் படியை வைத்துக் கொண்டால் ஓர் உழக்கு ஏறத்தாழ 330 மில்லி. அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்குச் சுமார் 14 மில்லி வருகிறது. ஒரு வீட்டில் அந்திக்கு ஏற்றிய விளக்கு மூன்று மணி நேரம் எரிந்தது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 40 மில்லிக்குச் சற்றுக் கூடுதல். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நாழி. திரியைச் சிறிதாக வைத்தால் இதில் பாதியாகக் குறைக்கலாம். தேங்காயெண்ணெயாக இருந்தால் ஒரு லிட்டருக்கு இன்றைய கணக்கில் பத்துத் தேங்காய்க்குக் குறையாமல் வேண்டும், பழைய மரச்செக்கில் இன்னும் கூடுதலாகவே வேண்டியிருக்கும். அதாவது ஒரே ஒரு சுடருக்காக, ஒரு குடும்பம் கறிக்கு அரைக்க வேண்டிய தேங்காயில் மாதம் பன்னிரண்டுக்கு மேல் எரிந்து போகும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, ‘பழைய காலத்தில் வீட்டுக்கு வீடு தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது’ என்று நம் ஊரில் பலரும் சொல்வதை நான் நம்புவதில்லை. தென்னந்தோப்பு உடையவர் வீட்டில் எரிந்திருக்கும். பாட்டத்துக்கு (குத்தகைக்கு)த் தோப்பைப் பார்த்துக்கொண்டவர் வீட்டில் எரிந்திருக்காது. தேங்காய் அவருடையது அல்ல. பொறுக்கி எடுத்த புன்னைக்காய்க்கு விலை அவருடைய உழைப்பு மட்டும்தான், செக்குக்காரருக்கு உரிய கூலியையும் எண்ணெயிலோ பிண்ணாக்கிலோ கொடுத்துவிடலாம்.

வெளிச்சத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெழுகுவத்தி சுமார் 12 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும். அகலில் எரியும் ஒற்றைத் திரி அதையும் எட்டுவது அரிது. இன்று நாம் அடுக்களையில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 900 லூமனுக்கு அருகில் தருகிறது. ஓர் அறைக்கு எழுபத்தைந்து மெழுகுவத்திகளை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று பொருள்.

வேளிமலைச்சாரல்

மூவருக்கும் மிக்க நன்றி. அளவைக்காரர் ஐயாவின் கணக்கு எனக்குப் பெரிதும் உதவும். இரண்டு துணைக் கேள்விகள். ஐரோப்பியர் தங்கள் வீடுகளில் மெழுகுவத்தியில் வாழ்ந்தவர்கள் என்றால், உதயகிரிக் கோட்டையில் இருந்த திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான ஐரோப்பியர் டி லனாயும் அவரோடு இருந்தவர்களும் அப்பழக்கத்தைக் கைவிட்டிருப்பார்களா? மற்றொன்று, அடுக்களை மாடத்துக்குள் கரி படிந்த மண் அகல்கள் சில கிடைத்தன. அவற்றில் எரிந்தது எந்த எண்ணெய் என்று இப்போது கண்டுபிடிக்க வழி உண்டா?

பழம்பாதை

முதல் கேள்விக்கு. ஐரோப்பியர் எல்லாரும் மெழுகுவத்தியில் வாழ்ந்தார்கள் என்பதே சரியன்று. தேன்மெழுகுத் திரி அங்கும் கோயிலுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. நடுத்தர வீட்டில் எரிந்தது ஆட்டுக்கொழுப்பையும் மாட்டுக்கொழுப்பையும் உருக்கி வார்த்த திரி. அது புகையும், நாறும், கருகிய திரிமுனையை அடிக்கடி கத்தரித்துவிட வேண்டும். எலிகளும் அதைத் தின்றுவிடும். ஏழைகளுக்கு அதுவும் இல்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் நீரோரக் கோரையின் தோலை ஓர் இழை மட்டும் விட்டு உரித்து, உலர்த்தி, சமையலில் எஞ்சிய கொழுப்பில் தோய்த்து எடுத்து, இடுக்கியில் சாய்வாகப் பிடித்து எரித்தார்கள். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1789-இல் வெளியிட்ட நூலில் இதை அளந்தே எழுதியிருக்கிறார்: இரண்டடி நாலரை அங்குல நீளமுள்ள ஒரு நல்ல கோரை ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவாக எரிந்ததாம். போதாததற்கு 1709 முதல் 1831 வரை அங்கே மெழுகுவத்திக்கு வரி இருந்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் வார்க்கக் கூடாது. கோரைக்கு அந்த வரி இல்லை. புன்னைக்காய் பொறுக்கிய நம்மவருக்கும் கோரை பறித்த அவர்களுக்கும் நிலைமை ஒன்றுதான்: காசு கொடுக்காமல் கிடைப்பது எதுவோ அது எரிந்தது.

தெருவிளக்கு என்பதே அங்கும் இந்தக் காலத்தில் தோன்றியதுதான். பாரிசில் 1667-இலும் ஆம்ஸ்டர்டாமில் 1669-இலும் அரசின் ஏற்பாட்டில் தெருக்களில் விளக்குகள் வந்தன. ஆம்ஸ்டர்டாமில் எரிந்தது தாவர எண்ணெய். ஆகவே ஒல்லாந்தருக்கு எண்ணெய் விளக்கு புதிதன்று. வீட்டுக்குள் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது 1780-இல் ஆர்கண்ட் என்பவர் அமைத்த விளக்கு. குழாய் வடிவத் திரியின் நடுவிலும் காற்று ஏறும்படி செய்து, மேலே கண்ணாடிச் சிம்னியைப் பொருத்தியதால் ஆறு முதல் பத்து மெழுகுவத்தி அளவுக்கு வெளிச்சம் கிடைத்தது. டி லனாய் 1777-இலேயே உதயகிரியில் இறந்துவிட்டார். அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கொழுப்புத்திரி இங்கே ஏன் எடுபடவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நம் வெயிலில் அது தளர்ந்து வளைந்துவிடும். தேன்மெழுகு உருகுவதற்கு அறுபது பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும், கொழுப்புக்கு நாற்பதைத் தாண்டினாலே போதும். மேலும் மாட்டுக்கொழுப்பை வீட்டுக்குள் எரிப்பதைத் திருவிதாங்கூர்ச் சமூகம் எந்த நிலையிலும் ஏற்றிருக்காது. உதயகிரியில் இருந்தவர்கள் விருந்து நாட்களில் மெழுகுத்திரி ஏற்றியிருக்கலாம். அன்றாடம் அவர்களுடைய சமையற்காரர் எந்த எண்ணெயை ஊற்றினாரோ அதுதான் எரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தோவாளை வாசகி

இரண்டாவது கேள்விக்கு நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வேதியியல் என் துறை. கண்டுபிடிக்க வழி உண்டு, ஆனால் அந்த அகல்களைக் கழுவிவிடாதீர்கள். சுடுமண்ணின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறி நிற்கும். அதை வாயு நிறப்பிரிகை முறையில் (சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஆய்வு) பகுத்தால் கொழுப்பு அமிலங்களின் அமைப்புத் தெரியும். ஆமணக்கு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ரிசினோலெயிக் அமிலம். விளக்கில் எரித்த வேறு எண்ணெய் எதிலும் அது அந்த அளவில் இல்லை என்பதால் அது இருந்தால் உடனே தெரிந்துவிடும். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். மீனெண்ணெயானால் கொலஸ்ட்ராலின் எச்சம் இருக்கும், தாவர எண்ணெயில் அது மிக மிகக் குறைவு. புன்னையும் இலுப்பையும் வேம்பும் பொதுவான அமிலங்களையே கொண்டவை; அவற்றைப் பிரித்தறிவது கடினம், கூடவே வரும் வேறு சேர்மங்களைத் தேட வேண்டியிருக்கும். ஒரே அகலில் பல எண்ணெய்கள் மாறி மாறி எரிந்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அகல்களை வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், அதிலிருந்தும் எண்ணெய்ப்பசை கசியும். வெண்கல விளக்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்திருப்பார்கள், அவற்றில் எதுவும் மிஞ்சியிருக்காது.

விளைக்காரன்

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் மாடம் உள்ள வீட்டைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். மாடம் வைப்பதற்குச் சுவர் வேண்டும். இந்த நாட்டில் அந்தக் காலத்தில் பெரும்பாலோர் இருந்தது ஓலைக்குடிலில். ஓடு வேய்வதற்கும் மாடி எழுப்புவதற்கும் பல சாதியினருக்குத் தடை இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்த ஓலைக்கூரைக்குள் பகலிலேயே இருட்டாக இருக்கும். இரவில் திறந்த சுடரைத் தூக்கி வைக்க இடமில்லை, வைத்தால் கூரையைப் பிடிக்கும். ஆகவே அந்தக் குடும்பங்கள் முற்றத்தில்தான் வாழ்ந்தன. அக்கானி (பதநீர்) காய்ச்சும் அடுப்போ சோற்றடுப்போ, அதுதான் வெளிச்சம். கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் எரியும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள், அணைந்ததும் படுப்பார்கள். நிலவு இருந்தால் இன்னும் சற்று நேரம்.

தீயைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை. தீக்குச்சியே 19-ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது விலை மலிந்து நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்தது அதற்கும் நெடுநாள் பின்பு. அதற்கு முன்பு சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பிடிக்க வேண்டும், மழைக்காலத்தில் அது பெரும்பாடு. எனவே தீயை அணையவிடாமல் வைத்திருப்பதே வீட்டுப் பெண்களின் முதல் பொறுப்பாக இருந்தது. இரவில் கங்கின் மேல் சாம்பலையோ உமியையோ மூடி வைப்பார்கள். காய்ந்த கதம்பைக்குள் வைத்த கங்கு விடியும் வரை உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். அதுவும் அணைந்துவிட்டால் அடுத்த வீட்டுக்குச் சிரட்டையை எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. யார் வீட்டிலிருந்து யார் தீ வாங்கலாம் என்பதிலும் சாதி இருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாஞ்சில் வாசகர்

விளைக்காரன் சொன்னதை ஏற்கிறேன்; அது என் பதிலில் இருந்திருக்க வேண்டியது. ஒரே ஒரு சிறு விலக்கு: ஓலைக்குடிலில் விளக்கே இல்லை என்று கொள்ள வேண்டாம். மண் திண்டு ஒன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் எழுப்பி அதன்மேல் அகல் வைக்கும் வழக்கம் இருந்தது. தாழ்வாக இருப்பதால் கூரைக்குத் தீ எட்டாது. மேலும் புன்னையெண்ணெய், வேப்பெண்ணெய் போன்றவை கவிழ்ந்தாலும் சட்டென்று பற்றிக்கொள்வதில்லை. திரியின் சுடர்தான் தீ, எண்ணெய் தரையில் ஊறிப் போகும்.

மண்ணெண்ணெய் வந்தபோது இந்த நிலை தலைகீழானது. அமெரிக்காவில் 1859-இல் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு, அமெரிக்காவிலிருந்தும் ருசியாவிலிருந்தும், பின்னர் பர்மாவிலிருந்தும் அது நான்கு காலன் தகர டின்களில் வந்து இறங்கியது. திறந்த அகலில் அதை ஊற்றி எரிக்க முடியாது, முழுவதும் பற்றிக்கொள்ளும். எனவே மூடிய குப்பியும், திரியை வெளியே விடும் குழாயும் தேவைப்பட்டன. காலியான டின்களை வெட்டியே கொல்லர்கள் அந்தச் சிறு விளக்குகளைச் செய்து சந்தைகளில் விற்றார்கள். வெட்டாத டின்கள் நீர் இறைக்கப் போயின. வெளிச்சம் கூடியது, விலை குறைந்தது, ஓலைக்கூரைகள் எரிவதும் கூடியது.

வேளிமலைச்சாரல் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் முதியவர்களிடம் செய்தி திரட்டுவீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மூத்தவர்களும் புன்னையெண்ணெய் விளக்கில் படித்த கதையைச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் பிறந்ததே மண்ணெண்ணெய் நன்றாகப் பரவிய பிறகுதான். 1942-இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த மண்ணெண்ணெய் நின்றுபோயிற்று. பங்கீட்டில் கிடைத்த கொஞ்சமும் போதாமல் பல வீடுகளில் பழைய அகல்களை மீண்டும் எடுத்தார்கள். அவர்கள் நினைவில் இருப்பது அந்தப் போர்க்காலத்துப் புன்னை விளக்கு. ஆகவே யாரேனும் புன்னை விளக்கைக் கண்டதாகச் சொன்னால், அப்போது வீட்டில் சிம்னி விளக்கும் இருந்ததா என்று கூடவே கேளுங்கள். இருந்தது என்றால் அது 1940-களின் செய்தி. உங்கள் நாலுகெட்டு வீடு கட்டப்பட்ட காலத்துக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது.